தில்லிக் காமாலைக் கொள்ளைநோயும் (1955–56) இராமன் விசுவநாதனின் நோய்ப்பரவல் ஆய்வும்

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாற்றில் பிளேக், காலரா, பெரியம்மை ஆகியவை பெற்ற கவனத்தை மஞ்சள் காமாலை பெறவில்லை. ஆயினும் நீர்வழிப் பரவும் கல்லீரல் அழற்சியைப் பற்றி உலக மருத்துவ நூல்கள் பேசும்போது தவறாமல் சுட்டும் ஒரு நிகழ்ச்சி 1955ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1956ஆம் ஆண்டு சனவரியிலும் தலைநகர் தில்லியில் நிகழ்ந்தது. அதனை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர் இராமன் விசுவநாதன் (1899–1982). தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபபாய் படேல் மார்புநோய் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநரான அவர், இந்திய மார்புநோய் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். நுரையீரல் மருத்துவராகவே பெரிதும் அறியப்பட்ட அவருடைய கல்லீரல் அழற்சி ஆய்வு மருத்துவத் துறைக்கு வெளியே அதிகம் பேசப்படவில்லை.

நோய்ப்பரவலியல் அறிஞர் ஒருவர் கொள்ளைநோய்க் காலத்தில் செய்யும் பணி யாது, அப்பணி அன்றாட நல்வாழ்வு அறிவுரையாக மக்களைச் சென்றடைவது எவ்வாறு என்னும் இரு வினாக்களுக்கும் அத்தில்லி நிகழ்ச்சி விடை தருகிறது. நோயை உண்டாக்கிய கிருமி இன்னதென அறியப்படாத நிலையிலேயே நோயின் வழியைக் கண்டறிய இயலும் என்பதையும், அவ்வாறு கண்டறியும் வேளையில் அறிவுரைக்குரிய காலம் கடந்துவிடக்கூடும் என்பதையும் அது ஒருங்கே காட்டுகிறது. இவ்விரண்டையும் வரலாற்று நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காமாலை: சொல்லும் பொருளும்

காமாலை என்னும் சொல் 'காமலா' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். கண்ணும் தோலும் சிறுநீரும் மஞ்சள் நிறம் கொள்ளும் நிலையை அது குறிக்கிறது. இன்றைய மருத்துவம் அந்நிலையை ஒரு நோயாகக் கொள்வதில்லை. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறியாகவே கொள்கிறது. கல்லீரல் பழுதுற்றாலும், பித்தநாளம் அடைபட்டாலும், குருதியின் சிவப்பணுக்கள் மிகுதியாக அழிந்தாலும் மஞ்சள் நிறம் தோன்றும். சித்த மருத்துவமும் காமாலையைப் பலவகையாகப் பகுத்துப் பார்த்ததுண்டு.

ஆயினும் மக்கள் வழக்கில் காமாலை ஒரே நோயாகவே கருதப்பட்டுவந்துள்ளது. அதற்குரிய அன்றாட அறிவுரைகளும் நோய் கண்டபின் பின்பற்றப்படுவனவாகவே அமைந்தன. எண்ணெயும் காரமும் விலக்கிய பத்தியம், மோர், கீழாநெல்லி ஆகியவை தமிழர் இல்லங்களில் தலைமுறைகளாக அறியப்பட்டவை. கீழாநெல்லி பிற்காலத்தில் ஆய்வகத்திற்கும் சென்றது. சென்னையில் சா. பெ. தியாகராசன் குழுவினர் கல்லீரல் அழற்சி 'பி' நோய்க்கிருமியைச் சுமப்போரிடம் அதனை ஆராய்ந்து, 1988இல் இலண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டனர். நோயுற்றவரை எவ்வாறு தேற்றுவது என்னும் வினாவுக்கே இம்மரபு விடை தேடியது. நோய் எவ்வழியே வந்தது என்னும் வினா அதனுள் பெரிதும் எழவில்லை.

'காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்' என்பது பழமொழி. நோயாளியின் பார்வையைச் சொல்லும் இப்பழமொழியை நோய்ப்பரவலியலாரின் இடர்ப்பாட்டுக்கும் பொருத்திக் காணலாம். மஞ்சள் தோன்றியவரை மட்டுமே நோயாளர் எனக் கொண்டால் நோயின் பெரும்பகுதி கண்ணுக்குத் தப்பிவிடும். தில்லி ஆய்வு இதனைத் தெளிவாக்கியது.

ஆறும் ஓடையும்

1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தில்லி மாநிலத்தின் மக்கள்தொகை 17 லட்சத்து 44 ஆயிரம். நாட்டுப் பிரிவினைக்குப்பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய ஏதிலியரால் நகரம் சில ஆண்டுகளிலேயே பன்மடங்கு நெருக்கமுற்றிருந்தது. குடிநீர் வழங்கலும் கழிவுநீர் அகற்றலும் இவ்வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கும் நிலையில் இல்லை.

நகரின் குடிநீருக்கு யமுனையே முதன்மை ஆதாரம். நகரின் வடபுறத்தில் வசீராபாத்தில் ஆற்றுநீர் ஏற்றப்பட்டு, சந்திராவல் நீர்த்தூய்மிப்பு நிலையத்திற்குச் சென்று, அங்கிருந்து குழாய்களில் வழங்கப்பட்டது. வசீராபாத்துக்குச் சற்றுக் கீழே நஜப்கர் ஓடை யமுனையில் கலக்கிறது. முன்னர்ச் சாகிபி ஆற்றின் நீரைக் கொண்டுவந்த இவ்வோடை, காலப்போக்கில் நகரின் கழிவுநீரைச் சுமக்கும் பெருவடிகாலாயிற்று. குடிநீர் எடுக்கும் இடத்திற்குக் கீழே ஓடை கலப்பதால், ஆறு தன் போக்கில் ஓடும்வரை தீங்கில்லை என்று கருதப்பட்டது.

1955 அக்டோபரில் வடஇந்திய ஆறுகளில் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளம் வடிந்தபின் யமுனையின் நீரோட்டம் வசீராபாத் கரையை விட்டு விலகிச் சென்றது. நீரேற்று வாயிலை நோக்கி வரவேண்டிய ஆற்றுநீர் குறைந்தது. கீழே கலக்கவேண்டிய ஓடைநீர் பின்னோக்கி ஏறி வாயிலை அடைந்தது. நவம்பர் நடுப்பகுதியில் ஏறத்தாழ ஒருவார காலம் நகரின் குடிநீருடன் கழிவுநீர் பெருமளவில் கலந்தது. நீர்நிலையப் பொறியாளர்கள் நீரின் தன்மை மாறியதை உணர்ந்து, படிகாரத்தின் அளவையும் குளோரினின் அளவையும் கூட்டினர். அன்றைய அறிவுக்கு உட்பட்ட நடவடிக்கை அதுவேயாகும்.

அதன் விளைவு ஒருபுறம் நன்றாகவே இருந்தது. இத்தகைய கலப்பு நேர்ந்த நகரில் குடற்காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பெருகியிருக்கவேண்டும், அவை பெருகவில்லை. இடர் நீங்கிற்று என்று கருதுவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. ஆனால் டிசம்பர்த் தொடக்கத்திலிருந்து மருத்துவமனைகளுக்குக் காமாலை நோயாளர்கள் வரலாயினர். மாத இறுதியில் அவர்களின் தொகை உச்சத்தைத் தொட்டது. சனவரி மூன்றாம் வாரத்திற்குள் கொள்ளைநோய் தணிந்தது.

நாற்பது நாள் கணக்கு

நோய்ப்பரவலியல் மூன்று வினாக்களை அடிப்படையாகக் கொண்டது: யார், எங்கே, எப்போது. விசுவநாதனின் ஆய்வு 1957இல் 'இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ்' வெளியிட்ட துணையிதழில் இடம்பெற்றது. நோய்ப்பரவல், மருத்துவ இயல்பு, கருவுற்ற பெண்களிடம் நோயின் போக்கு முதலியவற்றைப் பற்றி உடன்பணியாளரோடு எழுதப்பட்ட கட்டுரைகளும் அதன் பகுதியாயின.

'எங்கே' என்னும் வினாவுக்கு நகரின் குடிநீர் வரைபடம் விடையளித்தது. நோய் ஒரு தெருவையோ ஒரு குடியிருப்பையோ மையமாகக் கொண்டு விரியவில்லை. பொதுக் குழாய்நீர் சென்ற பகுதிகள் எங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அது தோன்றியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிச் செல்லும் நோயாயின் முதல் அலையைத் தொடர்ந்து இரண்டாம் அலை எழுந்திருக்கும். குடும்பங்களுக்குள் அடுத்தடுத்துப் பலர் நோயுற்றிருப்பர். அவ்வாறு குறிப்பிடத்தக்க அளவில் நிகழவில்லை. அனைவரும் ஒரே மூலத்திலிருந்து ஒரே காலத்தில் நோயை ஏற்றனர் என்பதே அதன் பொருள்.

'எப்போது' என்னும் வினாவே ஆய்வின் திறவுகோல் எனலாம். நோய்க்கிருமி உடலுள் புகுந்த நாளுக்கும் அறிகுறி தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் நோயரும்பும் காலம் எனப்படும். இந்நோய்க்கு அது ஏறத்தாழ நாற்பது நாள். டிசம்பர் இறுதியின் உச்சத்திலிருந்து நாற்பது நாளைப் பின்னோக்கி எண்ணினால் நவம்பர் நடுப்பகுதி வருகிறது. ஓடைநீர் குடிநீருடன் கலந்த அதே வாரம். நகரின் நோய் வரைகோடும் நீர்நிலையத்தின் நாட்குறிப்பும் ஒன்றையொன்று உறுதி செய்தன.

இம்முறை புதிதன்று. 1854இல் இலண்டன் பிராடு தெருவில் காலராவால் இறந்தோரின் இல்லங்களை வரைபடத்தில் குறித்து, ஒரு நீர்க்குழாயே காரணம் என நிறுவிய சான் சுனோவின் வழியே இது. அங்குக் காலராவின் நோயரும்பும் காலம் சில மணி முதல் சில நாள் வரை மட்டுமே. காரணமும் விளைவும் அடுத்தடுத்து நின்றமையால் அவற்றைப் பிணைத்துக் காண்பது ஒப்பீட்டளவில் எளிதாயிற்று. தில்லியில் அவற்றுக்கிடையே ஒன்றரை மாதம் கிடந்தது. மக்கள் நோயுற்றபோது அவர்கள் குடித்த நீர் தூயதாகிவிட்டிருந்தது. அன்றைய நீரை எடுத்து ஆராய்ந்திருந்தால் ஒன்றும் அகப்பட்டிராது. கடந்த காலத்தை எண்ணிக்கையின் துணையால் மீட்பதே அங்கு எஞ்சிய வழி.

மருத்துவமனைக்கு வெளியே எண்ணுதல்

கொள்ளைநோயின் அளவை மருத்துவமனைப் பதிவேட்டைக் கொண்டு மட்டும் அறியமுடியாது. வசதியுடையோர் தனி மருத்துவரை நாடுவர்; பலர் வைத்தியரிடமும் அக்கீமிடமும் செல்வர்; இன்னும் பலர் வீட்டிலேயே பத்தியம் இருப்பர். எனவே மக்களிடையே சமவாய்ப்பு மாதிரி முறையில் அளவாய்வு நடத்தி, அதிலிருந்து நகரம் முழுமைக்கும் கணிக்கவேண்டியிருந்தது. அவ்வாறு பெறப்பட்ட கணிப்பின்படி காமாலை வெளிப்பட்டோர் 29,300 பேர். மஞ்சள் தோன்றாமல் காய்ச்சல், குமட்டல், பசியின்மை ஆகியவற்றோடு நோய் கடந்து சென்றோரையும் சேர்த்தால் தொகை 97,000 அளவை எட்டியது. அதாவது நோயுற்றோருள் மூவரில் இருவர் காமாலை என்னும் பெயருக்கே உட்படாதவர்கள்.

'யார்' என்னும் வினாவுக்குக் கிடைத்த விடை அன்று முழுமையாக விளங்காத புதிராக இருந்தது. பதினைந்து வயது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோர் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் காமாலை கண்டோர் நூற்றுக்கு மூவர் அளவில் இருந்தனர். சிறுவரிடம் அது நூற்றுக்கு ஒருவரைச் சற்றே மிஞ்சியது. நீர்வழிப் பரவும் கல்லீரல் அழற்சி என அன்று அறியப்பட்ட நோய், இந்தியா போன்ற நாடுகளில் குழந்தைப் பருவத்திலேயே வெளித்தெரியாமல் வந்துபோய், வாழ்நாள் முழுதும் காப்பளிப்பது. அவ்வாறாயின் வளர்ந்தோர் இவ்வளவு பெரிய அளவில் நோயுற்றது எவ்வாறு? இப்புதிருக்கு விடை கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

கருவுற்ற பெண்களின் நிலை இவற்றினும் துயரமானது. பிறரிடம் பெரும்பாலும் தானே தணிந்த நோய், கருவுற்றோரிடம் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் உயிரைப் பறித்தது. அதே வயதினரான, கருவுறாத பெண்களிடம் இறப்பு இதனினும் பலமடங்கு குறைவு. கருவின் இறுதி மாதங்களில் இந்நோய் கடுங்கல்லீரல் செயலிழப்பாக மாறக்கூடும் என்பது பின்னர் காசுமீரிலும் பிற இடங்களிலும் உறுதிப்பட்டது. அதன் உடலியங்கியல் காரணம் இன்றளவும் முழுமையாகத் தெளிவுபடவில்லை. ஒட்டுமொத்த இறப்பு விகிதத்தை மட்டும் நோக்கினால் இக்கொள்ளைநோய் எளியதாகத் தோன்றும். மக்களை வயதாலும் பாலாலும் உடல்நிலையாலும் பகுத்து எண்ணியபோதே அதன் கொடுமை யார்மீது விழுந்தது என்பது புலனாயிற்று.

தூய நீர் என்னும் சான்று

குளோரின் கூட்டப்பட்ட நீர் குடற்காய்ச்சலைத் தடுத்து, காமாலையை விட்டுவிட்டது ஏன்? இவ்வினாவே தில்லி நிகழ்ச்சியை உலக நீர்ப்பொறியியல் நூல்களில் நிலைபெறச் செய்தது. நீரின் தூய்மையை அறிய அன்று பயன்பட்ட அளவுகோல் குடல்வாழ் பாக்டீரியாக்களின் இருப்பு ஆகும். அவை காணப்படாவிடில் மலக்கலப்பு இல்லை, அல்லது கலந்த கிருமிகள் அழிந்தன எனக் கொள்ளப்பட்டது. குளோரினுக்குப் பாக்டீரியாக்கள் எளிதில் இரையாகும். நச்சுயிரிகளுள் பல அவற்றைக் காட்டிலும் மிகுதியாகத் தாக்குப்பிடிக்கும். மேலும், கழிவுநீரில் மிகுதியாக உள்ள அம்மோனியாவும் கரிமப் பொருள்களும் குளோரினைப் பிணித்து அதன் ஆற்றலைக் குறைக்கின்றன. நீரில் மிதக்கும் நுண்துகள்களுள் ஒளிந்த கிருமியைக் குளோரின் சென்றடைவதில்லை.

ஆகவே ஆய்வகம் தூயது எனச் சான்றளிக்கக்கூடிய நீரே நோயைச் சுமந்து செல்ல இயலும் என்பது தில்லியில் வெளிப்பட்டது. குளோரின் எவ்வளவு இடப்பட்டது என்பதைக் காட்டிலும், பிணைக்கப்படாத குளோரின் எவ்வளவு எஞ்சியது, எவ்வளவு நேரம் நீருடன் இருந்தது, நீர் எவ்வளவு தெளிவாக இருந்தது என்பவையே முதன்மையானவை என இன்றைய நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. கலங்கல் நீக்கிய நீரில் அரைமணி நேரத்திற்குப் பின்னரும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் தனிக்குளோரின் எஞ்சவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

பொறியியல் தீர்வும் பின்னர் வந்தது. 1959இல் வசீராபாத்தில் யமுனையின் குறுக்கே தடுப்பணை கட்டப்பட்டது. நஜப்கர் ஓடை கலக்குமிடத்துக்கு மேலே அமைந்த அவ்வணை, குடிநீருக்கான தேக்கத்தையும் கழிவுநீர் கலக்கும் ஆற்றுப்பகுதியையும் பிரித்தது. ஒரு நகரத்தின் நல்வாழ்வு அறிவுரைகளுள் தலையாயது அதன் பொறியியல் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு இவ்வணை சான்றாகும். ஆயினும் இடர் வேறு வடிவங்களில் தொடர்கிறது. மேலேயுள்ள நகரங்களின் ஆலைக்கழிவால் யமுனை நீரில் அம்மோனியா மிகும்போதெல்லாம் வசீராபாத், சந்திராவல் நிலையங்களின் நீர் வழங்கல் குறைக்கப்படுவது 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் பலமுறை நிகழ்ந்துள்ளது.

காய்ச்சிய நீர்: அறிவுரையின் மொழியும் விலையும்

நீர்வழி நோய்கள் பற்றிய அறிவுரைகளுள் மிகப் பழையதும் மிக எளியதும் 'நீரைக் காய்ச்சிக் குடியுங்கள்' என்பதே. தில்லி நோயின் கிருமிக்கும் அது பொருந்தும். கொதிநிலையில் அக்கிருமி அழிகிறது. குளோரின் தவறவிட்டதை அடுப்பு அழிக்கக்கூடும். எனினும் இவ்வறிவுரையின் சொல்லமைப்பு தமிழில் ஆராய்தற்குரியது. வெந்நீர், சுடுநீர், காய்ச்சிய நீர் ஆகியவை வழக்கில் ஒன்றுக்கு ஒன்றாகப் புழங்குகின்றன. குளிப்பதற்கான இளஞ்சூட்டு நீரும் வெந்நீர். தொண்டைக்கு இதமாகப் பருகும் வெதுவெதுப்பான நீரும் வெந்நீர். 'வெந்நீர் குடியுங்கள்' என்னும் அறிவுரையை ஏற்று, நீரைச் சற்றே சூடாக்கிப் பருகும் இல்லம் அறிவுரையைப் பின்பற்றியதாகவே கருதும், காப்போ கிடைக்காது. குமிழி எழக் கொதித்து ஒரு நிமிடமேனும் நிற்கவேண்டும், பின்னர் மூடி ஆறவைக்கவேண்டும், ஆறிய நீரில் கொதிக்காத நீரைக் கலக்கலாகாது என்னும் மூன்று கூறுகளும் சொல்லப்படும்போதே அறிவுரை முழுமை பெறுகிறது. சூட்டின் அளவே இங்குக் காப்பைத் தீர்மானிப்பதால், சொல்லின் நுட்பம் உயிர்காக்கும் நுட்பமாகிறது.

அறிவுரைக்கு ஒரு விலையும் உண்டு. ஐம்பதுகளின் தில்லியில் எளிய இல்லங்களின் அடுப்பு விறகாலும் கரியாலும் எரிந்தது. உணவு சமைக்கவே எரிபொருளை அளந்து செலவிட்ட குடும்பம் நாள்தோறும் குடிநீர் முழுவதையும் கொதிக்கவைப்பது எளிதன்று. அவ்வேலையும் வீட்டுப் பெண்களின் தோளிலேயே விழுந்தது. நோயால் மிகுதியாக இறந்தோரும் அவர்களுள் கருவுற்றோரே. நகரமைப்பின் பிழையைத் திருத்தாமல் அறிவுரையை மட்டும் வழங்குவது, பொதுப் பொறுப்பைத் தனியொருவரின் அடுப்புக்கு மாற்றுவதாகிவிடும்.

எல்லாவற்றினும் பெரிய சிக்கல் காலம் பற்றியது. நோயாளர் தோன்றத் தொடங்கிய டிசம்பரில் வழங்கப்படும் அறிவுரை, நவம்பரில் குடித்த நீரைத் திரும்பப் பெற இயலாது. அறிவுரை பயன்பட்டிருக்கவேண்டிய வாரத்தில் நகரில் நோய் இல்லை, மருத்துவமனைகளில் அச்சுறுத்தும் கூட்டம் இல்லை, குடற்காய்ச்சல்கூட இல்லை. பிராடு தெருக் குழாயின் கைப்பிடி 1854 செப்டம்பர் 8இல் கழற்றப்பட்டபோது அங்கும் காலரா தணியத் தொடங்கியிருந்தது என்பதை இங்கு ஒப்பிடலாம். நோயரும்பும் காலம் நீளும்தோறும் கண்ணெதிரே நிற்கும் சான்றுக்கும் பயனுள்ள அறிவுரைக்கும் இடைவெளி நீள்கிறது. எனவே நீர்நிலையத்தில் மாற்றம் காணப்பட்ட அன்றே, நோய்க்குக் காத்திராமல் மக்களுக்கு அறிவிப்பதும், காய்ச்சிய நீரைக் கொள்ளைநோய்க் கால மருந்தாகக் கொள்ளாமல் அன்றாட வழக்கமாகக் கொள்வதுமே இவ்விடைவெளியைக் கடக்கும் வழிகளாகும்.

ஆய்வின் பின்வரலாறு

1947இல் மெக்கல்லம் என்னும் ஆங்கில ஆய்வாளர் கல்லீரல் அழற்சியை 'ஏ', 'பி' என இரண்டாகப் பகுத்திருந்தார். முன்னது உணவாலும் நீராலும், பின்னது குருதியாலும் பரவுவது. அப்பகுப்பின்படி தில்லி நோய் 'ஏ' வகை எனக் கொள்ளப்பட்டது. வேறு பெயர் அன்று இல்லை. 1973இல் 'ஏ' கிருமி கண்டறியப்பட்டு, அதனை உறுதிசெய்யும் குருதிச் சோதனைகள் உருவாகும்வரை அக்கருத்தைச் சோதிக்க வழியும் இல்லை.

தில்லிக் கொள்ளைநோயின்போது எடுக்கப்பட்ட குருதிநீர் மாதிரிகள் சில பாதுகாக்கப்பட்டிருந்தன. அமெரிக்க ஆய்வாளர்களான வாங், பர்செல் ஆகியோரும் புனேயில் இருந்த தேசிய நச்சுயிரியல் நிறுவன அறிஞர்களும் அவற்றை அகமதாபாத், புனே ஆகிய நகரங்களில் பின்னர்த் தோன்றிய கொள்ளைநோய்களின் மாதிரிகளோடு சேர்த்து ஆராய்ந்து 1980இல் முடிவை வெளியிட்டனர். தில்லி நோய் 'ஏ' வகையும் அன்று, 'பி' வகையும் அன்று. அதே ஆண்டில் மருத்துவர் முகமது சுல்தான் குரூ, 1978இல் காசுமீரில் பரவிய கொள்ளைநோயை ஆராய்ந்து இதே முடிவுக்குத் தனித்து வந்தார். 1983இல் சோவியத்து ஆய்வாளர் மிகயில் பலயான், நோயாளரின் கழிவிலிருந்து எடுத்த சாற்றைத் தாமே உட்கொண்டு நோயுற்று, கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். 1990இல் அதன் மரபுப்பொருள் பிரித்தறியப்பட்டபின் 'கல்லீரல் அழற்சி ஈ' என்னும் பெயர் நிலைபெற்றது. வளர்ந்தோர் மிகுதியாக நோயுற்றதும் கருவுற்றோர் மிகுதியாக இறந்ததும் இப்புதிய கிருமியின் இயல்புகள் என்பது அப்போது விளங்கிற்று.

இப்பின்வரலாறு நோய்ப்பரவலியலின் தன்மையை விளக்குகிறது. விசுவநாதன் காலத்தில் நோய்க்கு இடப்பட்ட பெயர் பின்னர் மாறியது. அவர் தொகுத்த எண்களும், நீரே வழி என்னும் முடிவும், நாற்பது நாள் கணக்கும் மாறவில்லை. அவ்வெண்கள் வயதாலும் பாலாலும் பகுத்துப் பதியப்பட்டிருந்தமையால், அவர் அறியாத கிருமியைப் பின்வந்தோர் அவற்றின் துணையோடு இனங்காண முடிந்தது.

2020இன் ஒப்புமை

தில்லி மீண்டும் ஒரு பெருந்தொற்றின் நடுவே நின்றது 2020இல். கோவிட் நோய் காற்றுவழிப் பரவுவது; அதன் நோயரும்பும் காலம் பெரும்பாலும் ஒருவாரத்திற்கு உட்பட்டது; ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது. இவ்வகையில் அது 1955இன் நோய்க்கு நேர்மாறானது. எனினும் மருத்துவமனைக்கு வெளியே எண்ணவேண்டிய தேவை மாறவில்லை. 2020 சூன் 27 முதல் சூலை 10 வரை தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் தில்லி அரசுடன் இணைந்து 21,387 பேரின் குருதியை ஆராய்ந்தது. அவர்களுள் நூற்றுக்கு 23.48 பேரிடம் தொற்று வந்துசென்றதற்கான எதிர்ப்பொருள் காணப்பட்டது. அப்போது தில்லியில் உறுதிசெய்யப்பட்ட நோயாளர் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே மிஞ்சியிருந்தது. ஏறத்தாழ இரண்டு கோடி மக்களுள் நால்வரில் ஒருவரை அணுகிய தொற்றில், பதிவேட்டுக்கு வந்தது சிறுபகுதியே என்பது தெளிவாயிற்று.

இவ்வுண்மை அன்றாட அறிவுரையின் அடிப்படையாகவும் அமைந்தது. நோயுற்றவராகத் தோன்றுவோரை மட்டும் விலக்கினால் போதும் என்னும் எண்ணத்திற்கு இடமில்லை. அறிகுறியற்றோரும் தொற்றைப் பரப்புவர். ஆதலால் முகக்கவசமும் இடைவெளியும் காற்றோட்டமும் அனைவருக்கும் உரியனவாயின. 1955இல் மஞ்சள் தோன்றாத நோயாளரை எண்ணியதும், 2020இல் அறிகுறியற்றோரை எண்ணியதும் ஒரே முறையின் இரு பயன்பாடுகள். கைகழுவுங்கள் என்னும் அறிவுரைக்கு நீர் வேண்டும், இடைவெளி என்னும் அறிவுரைக்கு இடம் வேண்டும் என்பதை நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தோர் உணர்ந்தனர். அறிவுரையின் விலை பற்றிய வினாவும் அவ்வாறு மீண்டும் எழுந்தது.

முடிவுரை

1955–56ஆம் ஆண்டுத் தில்லிக் காமாலைக் கொள்ளைநோயின் ஆய்விலிருந்து பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். நோய்ப்பரவலியல், கிருமியின் பெயரை அறியாத நிலையிலும் இடம், காலம், மக்கள் ஆகிய மூன்றையும் எண்ணி நோயின் வழியை உறுதிசெய்ய வல்லது. அறிகுறியின் பெயரால் நோயை அழைக்கும் வழக்கு, அறிகுறியற்ற நோயாளரையும் நோய்வழியையும் பார்வையிலிருந்து மறைக்கக்கூடும். தூய்மைக்கான சான்று அது அளக்கும் கிருமிகளுக்கு மட்டுமே சான்றாகும். நோயரும்பும் காலம் நீண்ட நோய்களில், நோய் தோன்றியபின் வழங்கப்படும் அறிவுரை முதல் அலைக்குப் பயன்படாது. முன்னறிவிப்பும் அன்றாட வழக்கமும் சீரிய நீரமைப்புமே அங்குக் காப்பாகும்.

தமிழாய்வுக்கும் இதில் ஒரு பணி உண்டு. நல்வாழ்வு அறிவுரைகளின் தமிழ், பெரும்பாலும் வேற்றுமொழி ஆணைகளின் பெயர்ப்பாகவே அமைந்துவருகிறது. வெந்நீர், காய்ச்சிய நீர், கொதிநீர் ஆகியவற்றின் வேறுபாட்டை வட்டார வழக்குகளோடு ஆராய்ந்து வரையறுத்தல், தொற்று, கொள்ளைநோய், பெருந்தொற்று முதலிய சொற்களின் பொருளெல்லையைத் தெளிவுபடுத்தல் போன்றவை மொழியறிஞரும் மருத்துவரும் இணைந்து செய்தற்குரியன. தலைநகரில் ஒரு தமிழ் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த ஆய்வு தமிழில் முழுமையாக வெளிவருவது அப்பணிக்கு நல்ல தொடக்கமாக அமையும்.